பாறையும் பாதையும்: உடுநுவர மலைகளில் ஒரு வரலாற்றுப் பயணம்

எட்டாம் தர மாணவருக்குக் கம்பளை இராச்சியம் பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். மன்னர் பெயர்கள், ஆண்டுகள், கட்டடங்கள் என்று கரும்பலகை நிறைந்திருந்தது. கடைசி வாங்கில் இருந்த பையன் ஒருவன் எழுந்து, "சேர், இந்தப் பாடத்துல எங்கட ஆக்கள் எங்க ஈக்கிறாங்க?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் குறும்புக்குக் கேட்டானா, அறியக் கேட்டானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் இருபது வருடமாக வரலாறு கற்பிக்கும் நான் அந்தக் கேள்வியை ஒருநாளும் என்னிடமே கேட்டதில்லை என்பது அப்போது உறைத்தது. எங்கள் பாடசாலை இருப்பது உடுநுவரப் பகுதியில். ஹந்தஸ்ஸ, முறுதகஹமுல, வெலம்பொட என்று முஸ்லிம் கிராமங்கள் செறிந்த பகுதி இது. இதே பகுதியில்தான், ஒன்றிலிருந்து ஒன்று சில மைல் தூரத்தில், 14ஆம் நூற்றாண்டின் மூன்று பெரும் கோயில்களும் உள்ளன: கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்கே. வெள்ளைக்காரர் கடல் கடந்து வந்து பார்க்கிறார்கள். அறுபது வயதாகியும் அவற்றின் படியை மிதிக்காத பெரியவர்கள் எங்கள் ஊரில் தாராளமாக இருக்கிறார்கள். அவற்றின் பெயர்ப்பலகையைத் தினமும் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டு போகும் ஆசிரியனாக நானும் இருந்தேன்.

மாணவரை அழைத்துச் செல்வதென்று முடிவெடுத்துப் பெற்றோருக்குக் கடிதம் அனுப்பினேன். மறுநாளே ஒரு மாணவியின் வாப்பா பாடசாலைக்கு வந்துவிட்டார். புடவைக்கடை வைத்திருப்பவர், ஐவேளையும் பள்ளியில் தொழுபவர், என்மேல் மரியாதை உள்ளவர்.

"சேர், கோயில் பன்சலைக்கா புள்ளைகளக் கூட்டிட்டுப் போகப் போறீங்க?"

"பார்க்கத்தான் நானா, கும்பிட இல்ல."

"பார்க்கிறத்துக்கு என்ன ஈக்குது அங்க?"

நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்ன பதிலைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

*

இப்னு பதூதா இலங்கைக்கு வந்தது 1344ஆம் ஆண்டில். மாலைதீவிலிருந்து புறப்பட்ட அவரது மரக்கலம் புத்தளக் கரையை அடைந்தது. ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, பாவாத மலைக்குச் செல்ல ஆட்களையும் பல்லக்கையும் கொடுத்து உதவினான். மலைக்குப் போகும் வழியில் 'குனக்கார்' என்னும் தலைநகரத்தைக் கண்டதாக அவர் சொல்கிறார். அது கம்பளை என்பாரும் உண்டு, குருநாகல் என்பாரும் உண்டு. அந்த விவாதத்தை ஆய்வாளரிடமே விட்டுவிடலாம். அந்நகரத்துக்கு வெளியே ஷீராஸ் ஊரவரான ஷைகு உஸ்மான் என்பவரின் பள்ளிவாசல் இருந்ததென்று அவர் எழுதியிருப்பதுதான் நமக்கு முக்கியம். அந்த ஷைகை மன்னனும் மக்களும் சென்று கண்டு கண்ணியப்படுத்தினராம். பாவாத மலைக்கு யாத்திரை செல்வோருக்கு அவர்தான் வழிகாட்டி.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் இன ஒற்றுமைக்கு ஓர் அழகான உதாரணம் கிடைத்துவிடும். மேடைகளில் நாம் இத்துடன்தான் நிறுத்துகிறோம். இப்னு பதூதா நிறுத்தவில்லை. அந்த ஷைகு ஒரு பசுவை அறுத்ததற்காக அவருடைய ஒரு கையும் ஒரு காலும் வெட்டப்பட்டன என்பதையும் அவர் பதிவு செய்கிறார். பசுவைக் கொன்றவனுக்கு அந்நாட்டில் மரணமே தண்டனை. ஷைகின் மேலிருந்த மதிப்பின் காரணமாக அது குறைக்கப்பட்டது. ஒரு சந்தையின் வருமானமும் அவருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. நடக்க இயலாமற்போன பின் அவருடைய பிள்ளைகளும் பணியாட்களும் வழிகாட்டிகளாயினர். மதிப்பும் தண்டனையும் மானியமும் ஒரே மனிதனின் மேல் வந்து விழுந்த கதை இது. மலைநாட்டில் நம் வாழ்வைப் பற்றி எழுதப்பட்ட மிகப் பழைய சாட்சியங்களுள் ஒன்று இவ்வளவு சிக்கலாக இருப்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

இப்னு பதூதா அத்துடன் திரும்பிவிடவுமில்லை. தென்கரையிலே 'தீனவர்' என்ற நகரைக் கண்டார். இன்றைய தெவிநுவர அதுவே. தெவுந்தர என்றும் சொல்வர். அங்கிருந்த பெருங்கோயிலில் ஆயிரம் அளவில் பிராமணரும் யோகிகளும், ஆடிப்பாடும் ஐந்நூறு பெண்களும் இருந்ததையும், ஆளுயரப் பொற்சிலையின் கண்களில் இரண்டு மாணிக்கங்கள் பதித்திருந்ததையும் எழுதி வைத்தார். அந்தக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்துத் தரைமட்டமாக்கினர். கற்களும் தூண்களும்தான் எஞ்சின. கோயில் உயிரோடு இருந்த நாளில் அதைக் கண்டு எழுதியவர் ஒரு முஸ்லிம். மாலைதீவில் காழியாகக் கடமையாற்றியவர். "பார்க்கிறத்துக்கு என்ன ஈக்குது" என்று அவர் நினைத்திருந்தால் அந்தச் சாட்சியம் இன்று இருந்திராது.

இவ்வளவையும் கேட்ட அந்த வாப்பா சற்று நேரம் பேசாமல் இருந்தார். "சரி சேர், லுஹருக்கு எங்க சரி நிப்பாட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வகுப்பில் இருபத்தாறு பேர். பயணம் வந்தவர்கள் பதினேழு பேர்.

*

காலையில் முதலில் பலனைக்குப் போனோம். 'பலன' என்றால் சிங்களத்தில் பார்க்கும் இடம், காவல் பார்க்கும் இடம். கடுகண்ணாவையை அடுத்த மலைமுகட்டில் கண்டி மன்னர்களின் கோட்டை இருந்த இடம் அது. கோட்டை என்றதும் பிள்ளைகள் காலிக் கோட்டையை எதிர்பார்த்து வந்திருந்தார்கள். அங்கே கண்டது கல்லடுக்குகளின் எச்சமும் புல்லும் காற்றும்தான். ஒருத்தி வெளிப்படையாகவே முகத்தைச் சுளித்தாள். விளிம்புக்கு வந்து கீழே பார்க்கச் சொன்னேன். மாவனல்லைப் பக்கத்துத் தாழ்நிலம் முழுவதும் விரிந்து கிடந்தது. பத்தலேகல, ஊத்துவன்கந்தை, அலகல்லை என்று ஒவ்வொரு மலையாகக் காட்டினேன். அந்நாளில் கொழும்பிலிருந்து ஒரு படை ஏறி வந்தால் இங்கிருந்தே கண்டுகொள்ளலாம். மலைநாட்டுக்கு மலைதான் மதில். மனிதன் கட்டிய சுவர் அதற்கொரு துணை மட்டுமே.

1594இல் பேரோ லோப்பஸ் டி சூசா, குசுமாசன தேவியைக் கண்டியின் அரியணையில் அமர்த்தும் நோக்கத்தோடு படை நடத்தி வந்தான். தந்துரையில் அந்தப் படை அழிந்தது. எட்டாண்டுகளின் பின் அசவேது பெரும்படையுடன் வந்து பலனையைப் பிடித்தான். கூட வந்த சுதேசப் படையினர் கைவிட்டதால் அவனும் திரும்பியோட நேர்ந்தது. 1638 மார்ச்சில், இன்று பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் கன்னொருவையில், தியோகு டி மெலோவின் படையை இரண்டாம் இராஜசிங்கன் முறியடித்தான். கண்டியோடு போர்த்துக்கேயர் பொருதிய கடைசிப் பெரும் போர் அதுவே.

பிள்ளைகளுக்கு இந்தப் போர்கள் பாடப்புத்தகத்திலேயே தெரியும். இரண்டு போர்களுக்கு நடுவிலுள்ள 1626ஆம் ஆண்டைத்தான் நான் அங்கே நின்று சொல்ல விரும்பினேன். தங்கள் ஆட்சிக்குட்பட்ட கரையோரத்திலிருந்து முஸ்லிம்களைப் போர்த்துக்கேயர் வெளியேற்றிய ஆண்டு அது. துரத்தப்பட்டவர்களைக் கண்டி மன்னன் செனரத் ஏற்றுக்கொண்டான். அவர்களுள் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதாகப் போர்த்துக்கேயரின் எழுத்துகளே கூறுகின்றன. கரையிலிருந்து மலைநாட்டுக்குள் நுழைய இருந்த வழிகள் சில கணவாய்கள்தாம். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, மூட்டை முடிச்சோடு இந்தக் கணவாயிலும் ஒரு கூட்டம் ஏறியிருக்கக்கூடும்.

"அவங்கள உள்ள எடுத்தாங்களா சேர்?" என்று கடைசி வாங்குப் பையன் கேட்டான்.

எடுத்தார்கள் என்றேன். அக்காலத்தில் கண்டி நாட்டுக்குள் நுழைவது இலகுவான காரியமன்று. 1660இல் பிடிபட்டு, 1679இல் தப்பிச் செல்லும்வரை கண்டி நாட்டில் கைதியாய்க் கிடந்த ரொபர்ட் நொக்ஸ், வழிநெடுக முள்வாயில்கள் போட்டுக் காவல் இருந்ததை விவரிக்கிறார். அவற்றைக் கடப்பதற்குக் களிமண்ணில் பதித்த முத்திரை அனுமதிச் சீட்டாகக் காட்டப்பட வேண்டும். போர்வீரனுக்கு ஈட்டி பிடித்த மனிதன், கூலியாளுக்குக் காவடித் தடியில் இரண்டு பைகளைத் தொங்கவிட்டுச் சுமக்கும் மனிதன் என்று ஆளுக்கேற்ற படம் அதில் இருக்கும். அத்தனை இறுக்கமான வாயில் ஓர் அகதிக் கூட்டத்துக்காகத் திறந்தது. எங்கள் சமூகத்தின் மலைநாட்டு வரலாற்றில் மறக்கக்கூடாத கடன் அது.

கீழே தெரிந்த மாவனல்லையைப் பார்த்தபடி இன்னொரு ஆண்டும் என் நினைவுக்கு வந்தது: 2001. அந்த ஆண்டு மே மாதத்தில் அங்கே முஸ்லிம்களின் கடைகள் எரிந்த புகையை இந்த முகட்டில் யாராவது நின்றிருந்தால் கண்டிருப்பர். அதைப் பிள்ளைகளிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

*

பிலிமத்தலாவையில் கொழும்பு வீதியை விட்டுத் திரும்பினால் கடலாதெனிய வந்துவிடும். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறையில் ஏறினோம். 'பள்ளியிலயும் கழட்டத்தானே செய்றோம்' என்று ஒருவன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

மரமும் செங்கல்லும் சுதையும் ஆளும் கண்டி நாட்டில் கருங்கல்லால் எழுந்த கோயில் இது. வாசல் மண்டபத்தின் தூண்களையும், அடித்தளத்தில் ஆடுவோரையும் மத்தளம் கொட்டுவோரையும் காணும் எவருக்கும் தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றின் நினைவு வரும். அதற்குக் காரணம் உண்டு. நான்காம் புவனேகபாகுவின் ஆட்சியில், தர்மகீர்த்தி தேரரின் முயற்சியால் இது எழுந்தது. கட்டியவர் கணேஸ்வராச்சாரி என்ற தென்னிந்தியச் சிற்பாசாரி. ஆண்டு 1344. புத்தர் சிலை உள்ள மனைக்குப் பக்கமாக விஷ்ணுவுக்கும் ஒரு சந்நிதி. பௌத்த துறவி கேட்க, இந்துச் சிற்பி கட்டிய கோயில். அதே ஆண்டில்தான் தஞ்சாவூர் அல்ல, தாஞ்சியர் நகரத்து முஸ்லிம் ஒருவர் இதே நாட்டின் மலைப்பாதையில் பாவாத மலையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

இந்த ஆண்டுப் பொருத்தம் எனக்கே அந்தப் பாறையில் நின்றபோதுதான் பிடிபட்டது. ஆசிரியர் கலாசாலையில் இரண்டையும் படித்திருக்கிறேன். கம்பளை இராச்சியம் ஒரு கொப்பியில் இருந்தது. இப்னு பதூதா இஸ்லாமிய நாகரிகக் கொப்பியில் இருந்தார். இரண்டு கொப்பிகளையும் ஒன்றாகத் திறந்து பார் என்று எவரும் சொல்லித்தரவில்லை. நானும் என் மாணவருக்குச் சொல்லித்தரவில்லை. கடைசி வாங்குப் பையனின் கேள்விக்குக் காரணம் இந்தத் தனித்தனிக் கொப்பிகள்தாம்.

பூத்தட்டு விற்கும் மூதாட்டி ஒருத்தி எங்கள் மாணவிகளிடம் நீலோற்பலப் பூக்களை நீட்டினாள். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் வாய் திறக்குமுன் ஒருத்தி சிங்களத்தில், "அம்மே, நாங்கள் பார்க்க வந்தோம்" என்று பணிவாகச் சொன்னாள். மூதாட்டி சிரித்துவிட்டு, "அப்படியென்றால் வீட்டுக்குக் கொண்டு போ மகள்" என்று ஒரு பூவைச் சும்மாவே கொடுத்தாள். மறுப்பையும் கண்ணியமாகச் சொல்லலாம், மறுப்பைக் கண்ணியமாக ஏற்கவும் செய்யலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் என் கையில் இல்லை.

*

லங்காதிலகவுக்கு ஏறும் கற்படிகள் மூச்சு வாங்க வைப்பவை. பன்ஹல்கல என்னும் பாறையின் முகட்டில் வெண்மையாக எழுந்து நிற்கும் பெரும் செங்கற் கோயில் அது. இதுவும் 1344இல் எழுந்ததே. செய்வித்தவர் நான்காம் புவனேகபாகுவின் முதன்மை அமைச்சர் சேனாலங்காதிகார. கட்டியவர் ஸ்தபதி ராயர். கிழக்கே புத்தர் சந்நிதி. அதைச் சூழ்ந்து விஷ்ணு, சமன், விபீஷணன், கணபதி, கந்தன் ஆகியோருக்கான தேவாலைகள். இந்துக் கோயில், பௌத்த விகாரை என்று இன்று நாம் போடும் கோடு இந்தக் கட்டடத்தில் எங்கே விழுகிறதென்று காட்ட முடியாது. கண்டி நகரத்திலும் இதுவே நிலை. தலதா மாளிகையைச் சூழ நாத, விஷ்ணு, பத்தினி தேவாலைகளும் சற்றுத் தள்ளிக் கதிர்காமத் தேவாலையும் இருக்கின்றன. பத்தினி வேறு யாருமல்லள், நம் சிலப்பதிகாரத்துக் கண்ணகிதான். கண்டிப் பெரஹராவும் ஒரு காலத்தில் இந்தத் தெய்வங்களுக்குரியதாகவே இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்திலேயே தந்ததாது அதன் முன்னணிக்கு வந்தது. அந்த மன்னனோ மதுரைப் பக்கத்து நாயக்கர் வழியினன்.

லங்காதிலகவின் பாறையில் கல்வெட்டு வெட்டப்பட்டுள்ளது. சக வருடம் 1266 என்று ஆண்டு குறித்து, கோயிலுக்கு விடப்பட்ட நிலங்களையும் தானங்களையும் சொல்வது அது. சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. தமிழ்க் கல்வெட்டைப் பேராசிரியர் பரணவிதான ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்.

அங்கிருந்த பராமரிப்பாளர் எங்களைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அருகில் வந்து, "இது தெமள எழுத்து. உங்களால் வாசிக்க முடியுமா?" என்று சிங்களத்தில் கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையான ஆவலோடுதான் கேட்டார். பதினேழு பிள்ளைகளும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

என்னால் வாசிக்க முடியவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில எழுத்துகள் தெரிந்தன. நடுவே வடமொழிச் சொற்களுக்கான கிரந்த எழுத்துகள். கல்லும் தேய்ந்திருந்தது. இருபது வருடம் தமிழில் கற்பித்தவன், தமிழ்க் கல்லின் முன்னே எழுத்தறியாதவனாக நின்றேன். அதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னேன்.

அப்போது புடவைக்கடைக்காரரின் மகள் குனிந்து, கல்லைத் தொடாமல், விரலைக் காற்றில் ஓட்டி, "இது 'க' தானே சேர்? இது 'ட'. இது 'ப'வா?" என்றாள். ஆம், அவைதாம். அறுநூற்று எழுபதுக்கு மேற்பட்ட வருடங்களின் பின்னும் அந்த மூன்று எழுத்தும் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையை ஏமாற்றவில்லை. "ஆனா எங்கயும் குத்து இல்லையே சேர்?" என்று அடுத்துக் கேட்டாள். பழங்கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இடமாட்டார்கள். 'க'வா 'க்'கா என்பதைச் சொல்லை அறிந்தவன்தான் தீர்மானிக்க வேண்டும் என்றேன். "ஹரகத் இல்லாத அறபு மாதிரி" என்றாள் அவள்.

பராமரிப்பாளருக்கு அதை நான் சிங்களத்தில் விளக்கினேன். அறபியில் உயிர்க்குறி இல்லாமல் எழுதுவதையும், தமிழ்க் கல்லில் புள்ளி இல்லாமல் வெட்டியதையும் ஒரு முஸ்லிம் பிள்ளை ஒப்பிட்டதைக் கேட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இங்கே நிறையப் பேர் வருகிறார்கள். இந்தக் கல்லருகே குனிந்து பார்ப்பவர்கள் குறைவு" என்றார்.

நாட்டின் அரசன் சிங்களவன், சமயம் பௌத்தம், இருந்தும் சட்டத் தகுதியுள்ள ஓர் ஆவணத்தைத் தமிழிலும் வெட்டினார்கள் என்றால், அதை வாசிக்க வேண்டிய தமிழறிந்த மக்கள் இம்மலையைச் சுற்றி இருந்தார்கள் என்றே கொள்ள வேண்டும். அவர்கள் யார் என்பதைக் கல்லை வைத்து நாம் இட்டுக்கட்டக்கூடாது. நம் பெயரை அதில் எழுதிக்கொள்ளவும் கூடாது. ஆனால் தமிழ் இந்த மலைக்குத் தோட்டத் தொழிலாளரோடு 19ஆம் நூற்றாண்டில்தான் ஏறியது என்று சொல்பவருக்கு அந்தப் பாறையே பதில்.

*

லுஹரைப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் தொழுதுவிட்டு எம்பெக்கேவுக்கு வந்தோம். இது கதிர்காமத் தெய்வத்தின் தேவாலை. நம் தமிழ் நண்பர்கள் முருகன் என்பார்கள். மூன்றாம் விக்கிரமபாகுவின் ஆட்சிக்காலம் 1357 முதல் 1374 வரை. அக்காலத்தில் எழுந்தது என்பர். கல்லுக்குக் கடலாதெனிய, செங்கல்லுக்கு லங்காதிலக, மரத்துக்கு எம்பெக்கே. தூண்களில் மல்லர், ஆடும் பெண், பாலூட்டும் தாய், பின்னிய அன்னங்கள், இருதலைப் பறவை என்று ஐந்நூற்றுக்கு மேற்பட்ட செதுக்கல்கள். ஒரு முனையில் இருபத்தாறு கைமரங்களை ஒரே மர ஆப்பு ஒன்றாகப் பிடித்து நிற்பதைக் கண்டபோது, தச்சுவேலை செய்யும் வாப்பாவின் மகன் ஒருவன் அந்த இடத்தைவிட்டு நகர மறுத்துவிட்டான்.

நாங்கள் நின்ற மண்டபத்தின் பெயர் 'திக்கே'. மேளம் கொட்டும் மண்டபம். ரங்கமையைச் சேர்ந்த நோயுற்ற மேளக்காரன் ஒருவன் கதிர்காமத்தில் சுகம் பெற்று, அதன் நன்றியாகவே இந்தத் தேவாலை தோன்றியதென்பது ஊர்வழக்கு. அந்த மண்டபத்தில் நின்றுகொண்டு மேளச்சத்தத்தின் இன்னொரு கதையையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

கம்பளையில் வல்லஹாகொட தேவாலை இருக்கிறது. அதுவும் கதிர்காமத் தெய்வத்தின் தேவாலையே. அதன் பெரஹரா, இந்தியக் கரையிலிருந்து வந்து வணிகம் செய்த முஸ்லிம்களின் பள்ளிவாசலைக் கடந்து போவது வழக்கம். பள்ளியின் முன்னே மேளம் கூடாதென்று அவர்கள் ஆட்சேபித்தனர். 1912இல் அரசாங்கம் கட்டுப்பாடு விதித்தது. தேவாலையின் பஸ்நாயக்க நிலமே வழக்குத் தொடுத்தார். கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் போல் ஈ. பீரிஸ், 1815ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தத்தை ஆதாரமாகக் காட்டி 1914 ஜூனில் தேவாலைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அந்த மே மாத இறுதியில், வெசாக் இரவில், கண்டி நகரின் காசல் வீதிப் பள்ளிவாசலருகே கலவரம் மூண்டது. சில நாட்களில் அது கொழும்புக்கும் தென்மேற்கெங்கும் பரவியது. இராணுவச் சட்டம் வந்தது. குற்றமற்ற சிங்களவர் பலரும் ஆங்கிலேயரால் சுடப்பட்டனர். எட்வர்ட் ஹென்றி பெத்ரிஸ் என்ற இளைஞனுக்கு ஜூலை 7இல் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் சிங்களவர் பக்கம் நின்று வாதாடியது நம் மூத்தோர் மனத்தில் ஆறாத வடுவாயிற்று. தமிழ் பேசும் இரு சமூகங்களின் பிரிவைப் பற்றி எழுதுவோர் அந்த ஆண்டைத் தாண்டிப் போக முடிவதில்லை.

"அப்ப பிழை யாருடயது சேர்?" என்று கேட்டார்கள்.

தொழுகை நேரத்தில் அமைதி கேட்பது பிழையல்ல. பரம்பரை வழியில் ஊர்வலம் போக விரும்புவதும் பிழையல்ல என்றேன். நொக்ஸ் எழுதியிருப்பதை அவர்களுக்கு ஞாபகப்படுத்தினேன். கண்டி நகரத்தில் முஸ்லிம்களுக்கு ஒரு பள்ளி இருந்தது. காணியுடையோர் ஒவ்வொருவரும் அதற்கு ஒரு பணம் கொடுக்க வேண்டுமென்று முன்னாள் மன்னன் ஒருவன் உரிமை அளித்திருந்தான். முஸ்லிம்கள் வீடு வீடாகச் சென்று அதைப் பெற்றனர் என்கிறார் அவர். ஆக, சிங்கள விவசாயியின் காசில் பள்ளியை நடத்தியும் வாழ்ந்திருக்கிறோம். மேளச்சத்தத்துக்காக நீதிமன்றம் ஏறியும் வாழ்ந்திருக்கிறோம். முன்பு, பிணக்கு வந்தால் ஊர்ப் பெரியவர்களும் நிலமேமாரும் கூடிப் பேசினர். பிறகு, வெள்ளைக்காரனின் நீதிமன்றம் ஒருவரை வென்றவராகவும் மற்றவரைத் தோற்றவராகவும் ஆக்கி அனுப்பியது. தோற்றவர் அடுத்த நாளும் அதே வீதியால்தான் நடக்க வேண்டியிருந்தது.

பேராசிரியர் லோனா தேவராஜா இலங்கை முஸ்லிம்களைப் பற்றி 1994இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலே 'ஆயிரம் ஆண்டு இன ஒற்றுமை' என்று வரும். அந்தத் தலைப்பு 900இல் தொடங்கி 1915இல் முடிகிறது. நாம் பெருமையோடு மேற்கோள் காட்டும் அந்நூல் எந்த ஆண்டில் நிற்கிறது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். அதற்குப் பிறகான கதையில் 2001 மாவனல்லையும் இருக்கிறது. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் அக்குறணையிலும் எரிந்த வீடுகளும் கடைகளும் பள்ளிகளும் இருக்கின்றன. என் வகுப்புப் பிள்ளைகளுள் சிலர் அந்த நாட்களில் உம்மாவின் மடியில் விளக்கணைத்த வீட்டில் இருந்தவர்கள். அவர்களிடம் ஒற்றுமையை மட்டும் சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. எரிந்ததை மட்டும் சொன்னாலும் அது வரலாறாகாது.

*

வேனில் ஏறும்போது கடைசி வாங்குப் பையன் விடவில்லை. "சேர், எல்லாம் சரி. கல்லுல, மரத்துல எங்கட ஆக்கள்ட பேர் எங்கயும் இல்லையே?"

இந்த முறை பதில் இருந்தது. கல்வெட்டு எதைச் சொல்கிறது? நிலம் கொடுத்தவனையும் நிலம் பெற்றவனையும் சொல்கிறது. கண்டி நாட்டில் நம் மூத்தோர் பலர் அந்தக் கணக்கில் வரவில்லை. அவர்கள் 'மடிகே' என்னும் போக்குவரத்துப் பகுதியைச் சேர்ந்தவர்கள். பொதிமாட்டுத் தவளங்களில் பாக்கும் நெல்லும் கீழே கொண்டுபோய், உப்பும் கருவாடும் புடவையும் மேலே கொண்டுவந்தவர்கள். அதுவே அரசனுக்கு அவர்கள் செய்த ராஜகாரியமும் ஆயிற்று. அரச வைத்தியராக இருந்து மானியம் பெற்ற குடும்பங்கள் சிலவும் உண்டு. மடவளை மடிகே, உடதலவின்ன மடிகே என்று ஊர்ப்பெயர்களிலும், 'கே' என்று முடியும் சிங்கள வம்சப் பெயர்களை இன்றும் பத்திரங்களில் சுமக்கும் நம் குடும்பங்களிலும் அந்த வரலாறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிலத்தில் நின்றவன் பாறையில் எழுதினான். பாதையில் நடந்தவனின் சுவட்டை மழை கழுவிவிட்டது. உப்பில்லாமல் அந்தக் கோயிலைக் கட்டிய தச்சனும் கற்சிற்பியும் ஒரு வேளைச் சோறு உண்டிருக்க முடியாது. மலைக்கு உப்பு ஏறியது மாட்டின் முதுகில்.

ஆகவே கல்லில் பெயரைத் தேடுவதை விட்டு, நம் வீட்டு அலுமாரியில் தேடுங்கள் என்று பிள்ளைகளுக்கு ஒப்படை கொடுத்தேன். பழைய உறுதிகள், வம்சப் பெயர்கள், மூத்தவாப்பா நடந்த வழிகள், எந்தச் சிங்கள வீட்டோடு எந்த உறவு என்பனவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். 2018இல் எரிந்த வீடுகளில் சாமான் மட்டுமா எரிந்திருக்கும்? இப்படியான கடதாசிகளும் எரிந்திருக்கும். நம் எழுத்தாளர்களும் இதை ஒரு பணியாக ஏற்க வேண்டும். கவியரங்குகளுக்குக் குறைவில்லை, நம்மூர்ப் பத்திரங்களைப் பிரதி எடுத்து வைக்கத்தான் ஆளில்லை.

பத்து நாள் கழிந்திருக்கும். புடவைக்கடைக்கார வாப்பா மீண்டும் பாடசாலைக்கு வந்தார். கையில் துருவேறிய பிஸ்கட் டின் ஒன்று. மகள் கேட்டுக்கேட்டுக் கரைச்சல் கொடுத்ததாகச் சொன்னார். உள்ளே மடிப்பில் கிழிந்த சில உறுதிகள். சிங்கள எழுத்து. அவருக்குச் சிங்களம் பேசத் தெரியும், அந்தப் பழைய கையெழுத்தை வாசிக்கத் தெரியாது. எனக்கும் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. முதல் தாளில் அவருடைய மூத்தவாப்பாவின் பெயருக்கு முன்னால் 'கே' என்று முடியும் நீண்ட வம்சப் பெயர் ஒன்று இருந்தது. அதை இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

"இது எங்கட பேரா சேர்?" என்றார்.

"உங்கட பேர்தான் நானா" என்றேன்.

டின்னை மூடவில்லை அவர். மேசைக்கு எதிரே இருந்த கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மத்ததையும் வாசிங்க" என்றார்.